அடைக்கோழியும் அடக்கவிலையும்

தில்லியில் ஜங்புரா அருகே பாராபுல்லா வடிகாலின் கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்துவந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டது. ஏறத்தாழ 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி கிடைத்தது. சொந்த ஊர் திரும்ப விரும்புவோர்க்கு வாழ்வாதார உதவி செய்வதாகத் தமிழக அரசு அப்போது அறிவித்தது. அவ்வாறு திரும்ப முடிவுசெய்து, கணக்கை ஊர்க் கிளைக்கு மாற்றிக்கொள்ள வந்த வாடிக்கையாளர் ஒருவர், வீட்டு வேலை செய்து சேர்த்த தொகையில் ஒரு பகுதியைக் கோழி வளர்ப்பில் இட எண்ணியிருந்தார். "ஊர்ல அம்மாகிட்ட நாலு நாட்டுக்கோழி இருக்கு சார். குஞ்சு பொரிக்கிற மெஷின் ஒண்ணு வாங்க லோன் கிடைக்குமா?" என்பது அவர் கேள்வி.

கடன் கிடைக்குமா என்பதைப் பிறகு பார்ப்போம். நாட்டுக்கோழி உள்ள வீட்டில் குஞ்சு பொரிக்கும் கருவி முன்பே இருக்கிறது. அது நொய்யும் தவிடும் தின்று முற்றத்தில் உலவிக்கொண்டிருக்கிறது. அதனைக் கொண்டே குஞ்சு எடுத்து, மற்றக் கோழிகளுக்கு நடுவிலேயே வளர்க்கவிட்டால் ஆகும் செலவு என்ன, வரவு என்ன, அவ்வரவு எந்த இடத்தில் கைநழுவுகிறது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது. வணிகவியல் படித்தவர் கோழியைப் பற்றி எழுதலாமா என்று சிலர் நினைக்கலாம். கோழி வளர்க்கும் நம் பெண்கள் முட்டைக் கணக்கைப் பேரேட்டில் எழுதுவதில்லையே தவிர, கணக்குப் போடாமல் இருப்பதில்லை. அவர்கள் மனத்தில் போடுவதைத் தாளில் போட்டுப் பார்ப்பது மட்டுமே இங்கு என் வேலை.

அடைக்கு வருதல்

நாட்டுக்கோழி ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டை வரை இட்டு, பின்னர் அடைக்கு வரும். ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு சுற்று. மொத்தம் 50, 60 முட்டை. அடைக்கு வந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். கூட்டை விட்டு எழாது, கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும், குரலும் மாறிவிடும். மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுவதே இதற்குக் காரணம்.

நாமக்கல் பண்ணைகளில் கூண்டுகளில் வளரும் வெள்ளை லெக்ஹார்ன் வழிவந்த கோழிகள் ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுவதற்கு, இந்த அடைக்குணம் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டப்பட்டதும் ஒரு காரணம். வனராஜா, கிரிராஜா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்களும் அடைக்கு நம்பத்தக்கவை அல்ல. "கோழி வாங்கி ஓராண்டாகிறது, அடைக்கே வரவில்லையே" என்று வருந்துவோர் முதலில் கேட்டறிய வேண்டியது அதன் இனத்தை. சிறுவிடைக் கோழிகள் நல்ல தாய்கள். பெருவிடையும் அசிலும் குஞ்சைக் காப்பதில் வீரமிக்கவை. ஆயினும் உடல் எடை மிகுதியால் முட்டையை மிதித்து உடைப்பது உண்டு.

முட்டை வரவு நின்றுவிடுகிறதே என்று, அடைக்கு வந்த கோழியை நீரில் முக்குவதும், மூக்குத் துளையில் இறகைச் செருகி அடை தெளிய வைப்பதும் சில ஊர்களில் வழக்கம். கோழியை வருத்தும் இம்முறைகளைக் கைவிடலாம். காற்றோட்டமுள்ள கூண்டில், படுக்கை எதுவும் இடாமல் சில நாள் வைத்தாலே பெரும்பாலும் அடை தெளிந்துவிடும். ஆனால், அடையைத் தெளிய வைப்பது இலாபமா, உட்கார விடுவது இலாபமா என்பதே நம் கேள்வி.

தாளில் ஒரு கணக்கு

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். பின்வருவன எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. ஒரு முட்டை 12 ரூபாய் என்று கொள்வோம். 12 முட்டை அடை வைத்தால் 144 ரூபாய் முதலீடு. கோழி 21 நாள் அடைகாத்து, எட்டு வாரம் குஞ்சுகளுடன் திரிந்தால் மொத்தம் 77 நாள். அந்நாட்களில் அது இட்டிருக்கக்கூடிய ஒரு சுற்று முட்டையை, அதாவது இன்னொரு 144 ரூபாயை, நாம் விட்டுக்கொடுக்கிறோம். கையை விட்டுப் போகாத பணம் என்பதால் பலர் இதைச் செலவாக எண்ணுவதில்லை. எண்ணவே வேண்டும். முதல் எட்டு வாரத் தீவனத்துக்கும் தடுப்பு மருந்துக்கும் 300 ரூபாய் சேர்த்தால் 588 ரூபாய் ஆகிறது. இது எத்தனை குஞ்சு பிழைத்தாலும் ஏறத்தாழ மாறாத செலவு.

அதன்பின் விற்கும் வரை ஒரு கோழிக்குத் தானியச் செலவு 120 ரூபாய், விற்பனை விலை 400 ரூபாய் என்றால், பிழைத்த ஒவ்வொரு கோழியும் 280 ரூபாய் தரும். இரண்டு பிழைத்தால் 560; அதாவது 28 ரூபாய் நட்டம். மூன்றாவது கோழியிலிருந்துதான் இலாபம் தொடங்குகிறது. ஆறு பிழைத்தால் 1,092 ரூபாய் மிச்சம். ஒன்பது பிழைத்தால் 1,932 ரூபாய்.

இக்கணக்கில் எத்தனை முட்டை பொரிந்தது என்ற எண் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டில் பத்துப் பொரிந்து இரண்டு பிழைத்த வீட்டுக்கு நட்டம். ஏழு பொரிந்து ஆறு பிழைத்த வீட்டுக்கு இலாபம். இயந்திரம் வாங்க விரும்புவோர் பொரிக்கும் எண்ணிக்கையையே பார்க்கின்றனர். பணம் இருப்பதோ பொரித்த பின் வரும் முதல் சில வாரங்களில்.

அடை வைக்கும் முறை

தென் மாவட்டங்களில் இதனை அவயம் வைத்தல் என்பர். சேவலுடன் பழகும் கோழியின் முட்டையே கருவுற்ற முட்டை. எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். முட்டைகளைச் சேர்த்துவைக்கும் காலம் ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. கோடையில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைத்த முட்டை ஐயத்துக்குரியதே. நீர் தெளித்த மணல் மேல் ஒரு மண்சட்டியை வைத்து, அதில் கூர்முனை கீழ்நோக்க முட்டைகளை அடுக்கிப் பருத்தித் துணியால் மூடினால் வெயில் காலத்திலும் குளிர்ச்சி நிற்கும். மிகப் பெரியவை, மிகச் சிறியவை, ஓடு விரிந்தவை ஆகியவற்றை விலக்கி, கோழியின் உடல் மூடும் அளவுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு முட்டை வைப்பதே முறை. ஆசைப்பட்டுப் பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து, எல்லாமே பாழாகும்.

அகன்ற கூடையில் அரை அடி உயரத்துக்குள் மணலோ உமியோ இட்டு, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். பேன் தொல்லை அடைக்கோழியின் பெரும் பகை. உடலெங்கும் அரித்தால் கோழி பாதியில் எழுந்து போய்விடும். எனவே சிறிது அடுப்புச் சாம்பலையும் வசம்புத் தூளையும் வைக்கோலின் அடியில் தூவுவது நலம். முட்டைகளுக்கு நடுவே இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் வைப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்ற அச்சத்தால் வந்தது. வைப்பதால் கேடில்லை, அதற்காக முட்டை ஒன்றைக் குறைக்க வேண்டாம்.

இரவில் அடை வைத்தால் கோழி அமைதியாக ஏற்றுக்கொள்ளும். அதன்பின் முட்டையைத் திருப்பிவிடுவது, வெப்பத்தைக் காப்பது எல்லாம் அதன் பொறுப்பு. நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் எழுந்து தீனி தின்று, நீர் பருகி, எச்சமிட்டுத் திரும்பும். எழ மறுக்கும் கோழியை நாமே தூக்கி வெளியே விட வேண்டும். சில கோழிகள் பட்டினி கிடந்தே மெலிந்துவிடும். ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின் ஒளியில் முட்டையைப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு வரும். வாத்து முட்டையைக் கோழிக்கு வைப்போர் 28 நாள் பொறுக்க வேண்டும். அந்தக் குஞ்சுகள் குட்டையில் இறங்கும்போது கரையில் நின்று தவிக்கும் தாய்க்கோழியை நாட்டுப்புறத்தில் பார்க்காதவர் குறைவு.

கூட்டத்தின் நடுவே

அடைக்கோழியைத் தனியே பிரிக்க வேண்டுமா, மற்றவற்றோடு இருக்க விடலாமா என்பதில் வளர்ப்போரிடையே இரு கருத்து உண்டு. முழுதும் பிரிப்பதில் உள்ள சிக்கல், கோழிகளின் சமூக ஒழுங்கை அறிந்தால் விளங்கும். யார் யாரைக் கொத்தலாம், யாருக்கு வழிவிட வேண்டும் என்ற வரிசை ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டரப்-எப்பே 1921இல் இதனை முதன்முதலில் ஆராய்ந்து எழுதினார். இரண்டு மூன்று மாதம் கண்ணில் படாமல் இருந்த கோழி திரும்பி வரும்போது புதியவளாகவே நடத்தப்படுகிறது. தன் இடத்தை மீண்டும் சண்டையிட்டே பெற வேண்டும். குஞ்சுகளுடன் வந்தால் அச்சண்டையில் மிதிபடுவது குஞ்சுகளே. மாறாக, அன்றாடம் எல்லாரும் பார்க்கும் இடத்தில் அடைகாத்து எழுந்த கோழிக்கு அந்தத் தொல்லை குறைவு. குஞ்சுள்ள தாயின் சீற்றத்தை மற்றக் கோழிகள் முதல் நாளே அறிந்து விலகிக்கொள்ளும். சேவலும் பெரும்பாலும் குஞ்சுகளைத் தொடுவதில்லை.

கூட்டத்தோடு விடுவதிலும் இடர்கள் உண்டு. பெரிய இடர், மற்றக் கோழிகள் அதே கூடையில் முட்டையிட்டுவிடுவது. அடை வைத்து ஐந்தாம் நாள் சேர்ந்த முட்டை, 21ஆம் நாளில் பதினாறு நாள் கருவாகவே இருக்கும். முதல் குஞ்சுகளுடன் தாய் எழுந்து போனதும் அது குளிர்ந்து சாகும்; அல்லது அதற்காகத் தாய் உட்கார்ந்தே இருந்தால் வெளிவந்த குஞ்சுகள் பசியால் வாடும். இதற்கு எளிய வழி, அடை வைக்கும் அன்றே எல்லா முட்டைகளிலும் கரியால் கோடிட்டுவிடுவது. தாய் தீனிக்கு எழும் நேரத்தில் கோடில்லாத முட்டையை எடுத்துச் சமையலுக்குக் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று, எழுந்த கோழி திரும்பும்போது வேறு கூடையில் போய் உட்கார்ந்துகொள்வது. முட்டையிடும் கூடையும் அடைக்கூடையும் ஒன்றுபோல் அடுத்தடுத்து இருந்தால் இது நிகழும். அடைக்கூடை அதே கொட்டகையின் இருண்ட மூலையில், மற்றவற்றிலிருந்து சில அடி விலகி, ஒரு மறைப்புத் தட்டியுடன் இருப்பதே நான் பரிந்துரைக்கும் ஏற்பாடு. பார்வையிலிருந்தும் ஒலியிலிருந்தும் பிரிக்காமல், காலடியிலிருந்து மட்டும் பிரிக்கிறோம்.

நான்கு கோழி உள்ள வீட்டில் இரண்டு ஒரே வாரத்தில் அடைக்கு வந்தால், அது நல்வாய்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் அடை வைத்து, பொரித்த இரவிலேயே எல்லாக் குஞ்சுகளையும் நல்ல தாய் ஒன்றினிடம் சேர்த்துவிடலாம். பகலில் சேர்த்தால் கொத்தும். இருட்டில் சிறகடியில் விட்டால் விடிந்ததும் தன்னுடையவை என்றே ஏற்கும். மற்றக் கோழி அடை தெளிந்து முட்டைக்குத் திரும்பிவிடும். மேற்காட்டிய கணக்கில் விட்டுக்கொடுத்த 144 ரூபாயின் பெரும்பகுதி இவ்வாறு ஒரு கோழியின் பங்கில் மிச்சமாகும்.

முதல் நான்கு வாரம்

பொரிக்கும் முன் மஞ்சள் கருவின் எஞ்சிய பகுதியைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு நாள் வரை தீனியின்றி இருக்க முடியும். தாமதமாகப் பொரியும் குஞ்சுக்காகத் தாய் காத்திருக்க இயற்கை கொடுத்த தவணை அது. நாம் அவசரப்பட்டுக் குஞ்சுகளை எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் வரை முழுமையாக வருவதில்லை. இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்கு இதனை மின்விளக்கு தர வேண்டும். குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுக் கணக்கு. 50 குஞ்சுக்கு 100 வாட் விளக்கு நாள் முழுதும் எரிந்தால் நாளுக்கு 2.4 யூனிட், மூன்று வாரத்துக்கு 50 யூனிட். கட்டணத்தைவிட அஞ்ச வேண்டியது மின்தடையை. மழைக்கால இரவில் ஒருமுறை நீண்ட நேரம் மின்சாரம் நின்றால் முதல் முழுதும் போகும். தாய்க்கோழியின் சிறகுக்கு மின்தடை இல்லை.

முதல் வாரம் தாயையும் குஞ்சுகளையும் பகலில் முற்றத்திலேயே பஞ்சாரத்தின் கீழ் வைப்பது நலம். காகமும் பருந்தும் கீரியும் பூனையும் கொண்டுபோவது பெரும்பாலும் இக்காலத்தில்தான். மற்றக் கோழிகள் பஞ்சாரத்தைச் சுற்றி மேய்வதால் குஞ்சுகளைப் பார்த்துப் பழகிவிடும். இரண்டாம் வாரம் காலையும் மாலையும் சிறிது நேரம் திறந்துவிடலாம். பருந்தைக் கண்டதும் தாய் எழுப்பும் ஒலிக்கு அசையாமல் பதுங்கவும், இரை கண்டால் அழைக்கும் ஒலிக்கு ஓடி வரவும் குஞ்சு கற்றுக்கொள்வது இப்போதுதான். விளக்கடியில் வளர்ந்த குஞ்சுக்கு இக்கல்வி கிடைப்பதில்லை; திறந்தவெளியில் விட்டதும் இழப்பு மிகுவது அதனால்.

தீனியில் ஒரு நுட்பம் உண்டு. குஞ்சுகளுக்கு வைக்கும் நொய்யையும் கம்பையும் பெரிய கோழிகள் வந்து ஒரு நிமிடத்தில் தின்றுவிடும். பஞ்சாரத்தை மூன்று கற்களின் மேல் உயர்த்தி வைத்து அதனுள் தீனியை இட்டால் குஞ்சுகள் மட்டும் நுழையும். புரதத்துக்குக் கறையானுக்கு நிகர் இல்லை: பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் நாரும் திணித்து, நீர் தெளித்து, மாலையில் கறையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடியலில் காசில்லாத தீனி தயார். நீரை ஆழமற்ற தட்டில், கூழாங்கற்கள் இட்டு வைக்க வேண்டும். ஆழமான கிண்ணத்தில் விழுந்து இறக்கும் குஞ்சுகளைக் கழுகின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இவ்வளவும் செய்து, தடுப்பு மருந்தை விட்டுவிட்டால் பயனில்லை. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் வந்தால் குஞ்சு, தாய், சேவல் என்று கூட்டமே இரண்டு நாளில் காலியாகும். மருந்து கிடையாது, தடுப்பு மட்டுமே உண்டு. முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி என்பது வழக்கமான வரிசை. அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே நாளைக் கேட்டு, அக்கம்பக்கத்து வீட்டாரையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். மருந்துக் குப்பி ஒருமுறை திறந்தால் அன்றே தீர்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால் நம் கோழிக்கும் காப்பு அரைகுறையே.

ஏழைப் பெண்களுக்கு மானியத்தில் கோழி வழங்கும் தமிழக அரசின் திட்டத்தில், ஒரு நாள் குஞ்சாகத் தராமல் நான்கு வார வயதுடைய 40 குஞ்சுகளைத் தருவதற்கும் காரணம் இதுவே. ஆபத்தான காலத்தைக் கடந்த குஞ்சே சொத்து. தாய்க்கோழி நமக்கு அந்த நான்கு வாரத்தைக் கூலியின்றிக் கடத்தித் தருகிறது.

கடன் பற்றி

நான்கு கோழிக்குப் பொரிப்பான் வாங்கக் கடன் வேண்டாம் என்பதே அந்த வாடிக்கையாளருக்கு நான் தந்த ஆலோசனை. பொரிப்பானை நிரப்பும் அளவுக்கு வாரந்தோறும் முட்டை கிடைக்க இருபது, முப்பது கோழியாவது வேண்டும். அந்நிலை வந்தபின், மூன்று வாரத்தில் குஞ்சுகளைப் பிரித்துத் தாயை விரைவில் முட்டைக்குத் திருப்புவதும் இலாபமாகும். அப்போது கொட்டகையும் தீவனமும் கூடுதலாக வேண்டியிருக்கும், கடனுக்கும் பொருள் உண்டு.

விவசாயக் கடன் அட்டை வசதி 2018-19 நிதிநிலை அறிக்கையில் கால்நடை வளர்ப்போர்க்கும் விரிவாக்கப்பட்டது. கோழி வளர்ப்போர் தனியாகவோ, கூட்டுப் பொறுப்புக் குழுவாகவோ, சுய உதவிக் குழுவாகவோ தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்கு இதில் கடன் பெறலாம். கொட்டகை சொந்தமாகவோ வாடகைக்கோ இருந்தால் போதும். வேளாண்மைக்கும் அதன் சார்புத் தொழில்களுக்கும் பிணையின்றித் தரும் கடனின் வரம்பு 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய். தேசிய கால்நடை இயக்கம் கிராமப்புறக் கோழிப் பண்ணைக்கு 25 லட்சம் ரூபாய் வரை 50 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு வருவோர் உண்டு. அது குறைந்தது 1,000 தாய்க்கோழிகளும் குஞ்சு பொரிப்பகமும் கொண்ட பண்ணைக்கு உரியது. முற்றத்துக் கோழிக்கு அத்திட்டத்தை நம்பி இடைத்தரகரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

எட்டாம் வாரத்தை ஒட்டித் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தித் துரத்தத் தொடங்கும். அது மீண்டும் முட்டைக்குத் தயாராகிறது என்பதற்கு அடையாளம். அன்றிலிருந்து குஞ்சுகளுக்கு இரவில் தனித் தங்குமிடம் வேண்டும். விற்கும்போது சேவற் குஞ்சுகளை முதலில் விற்று, நன்றாக அடைகாத்துக் குறைவாக இழந்த தாயின் பெட்டைக் குஞ்சுகளில் இரண்டைக் கூட்டத்திலேயே வைத்துக்கொள்ளலாம். தாய்மைக் குணம் வழிவழி வருவது. இரண்டாண்டுக்கு ஒருமுறை சேவலை மட்டும் வேற்றூர்ச் சேவலுடன் மாற்றிக்கொள்ளுங்கள். தந்தையும் மகளும் இணைந்த முட்டையில் கூமுட்டை மிகும்.